உயர் நீதிமன்றத்தைச் சுற்றிக் காட்டும்போது

சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். விடுமுறை நாட்களில் கட்டடத்தைப் பார்க்க வரும் மாணவர்களையும் குடும்பங்களையும் உள்ளே அழைத்துச் சென்று விளக்கும் பணியையும் விரும்பி ஏற்றுச் செய்துவருகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். சிவப்புச் செங்கல் வளைவுகள், குமிழ் மாடங்கள், அவற்றுக்கெல்லாம் மேலே விளக்குக் கோபுரம். நானோ காலடி மண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த மண்ணில் ஓர் ஊர் இருந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டி நம் மக்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம். அதற்குள் சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் கோயில்கள் இருந்தன. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. கோட்டைக்கு எதிரே வீடுகள் இருந்தால் பகைவன் அவற்றின் மறைவில் நெருங்கிவிடுவான் என்ற அச்சம் இருவருக்கும் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இடிக்கத் தொடங்கியதை ஆங்கிலேயர் முடித்தார்கள். கோயில்களும் போயின, பின்னர் பூக்கடைப் பகுதியில், தேவராஜ முதலித் தெருப் பக்கம் புதிதாக எழுந்தன. பீரங்கி சுடத் தடை ஏதும் இருக்கக் கூடாது என்று வெட்டவெளியாக்கப்பட்ட அந்த நிலப்பரப்பே எஸ்பிளனேடு. பிற்காலத்தில் நகரத்தின் நெஞ்சுப்பகுதியில் இவ்வளவு பெரிய நீதிமன்றம் கட்ட இடம் கிடைத்தது அதனால்தான். இதைச் சொல்லாமல் மாடத்தின் அழகை மட்டும் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேலை நாட்களில் இந்தத் தாழ்வாரங்களில் நின்று பார்க்க எங்களுக்கு நேரம் இருக்காது. கேஸ் கட்டை அணைத்துக்கொண்டு ஒரு கோர்ட் ஹாலிலிருந்து இன்னொன்றுக்கு விரைவோம். நீதிபதிக்கு முன்னால் வெள்ளிச் செங்கோலோடு டவாலி "உஷ்" என்று எச்சரித்தபடி வரும்போது மட்டும் சுவரோரம் ஒதுங்கி நிற்போம். அந்தச் சில நொடிகளில்தான் சுவரின் பளபளப்பான ஓடுகளும் வண்ணக் கண்ணாடிக் கதவுகளும் என் கண்ணில் பட ஆரம்பித்தன. மற்றவர்களுக்குக் காட்ட முன்வந்த பிறகே முழுதாகப் பார்க்கிறேன்.

"யார் கட்டினார்கள்?" என்ற கேள்வி வராத குழுவே இல்லை. பிராசிங்டன் வரைந்தார், ஹென்றி இர்வின் செப்பனிட்டு நிறைவேற்றினார், ஸ்டீபன்ஸ் துணைநின்றார் என்பது வழக்கமான விடை. 1892 ஜூலை 12 அன்று ஆளுநர் வென்லாக், தலைமை நீதிபதி ஆர்தர் காலின்ஸிடம் சாவியை ஒப்படைத்தார். நான் இதோடு நிறுத்துவதில்லை. கட்டி எழுப்பிய ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார். கன்னிமாரா நூலகத்தையும் எழுப்பியவர் அவரே. அவருக்குக் கீழே வேலை செய்த கொத்தனார்கள், தச்சர்கள், சித்தாள்கள் யார் பெயரையும் என்னால் சொல்ல முடிவதில்லை. ஒருமுறை பேத்தியோடு வந்திருந்த வயதான கொத்தனார் ஒருவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், சாந்து எவ்வளவு மெல்லியதாக ஓடியிருக்கிறது பாருங்கள். கல்லை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அடுக்கியிருக்கிறார்கள். அவசரக்காரன் கை இல்லை இது" என்றார். குழு முழுவதும் அவரைச் சூழ்ந்துகொண்டது. வளைவுக்குச் சாரம் கட்டுவது முதல் அதைப் பிரிப்பது வரை அவர் விளக்கியதைப் போல நான் எந்தச் சுற்றிலும் விளக்கியதில்லை. இப்போதெல்லாம் தொடங்கும்போதே, கட்டட வேலை தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொள்கிறேன்.

கலங்கரை விளக்கங்களைப் பற்றிக் குழந்தைகள்தான் அதிகம் கேட்பார்கள். வளாகத்தில் தனியே நிற்கும் தூண் 1844இல் ஏற்றப்பட்ட பழைய விளக்கு. 1894இல் அதன் வேலை நீதிமன்றத்தின் மாடத்துக்கு மாறியது. 1977இல் மெரினாவுக்குப் போனது. 1914 செப்டம்பர் 22 இரவு, முதல் உலகப் போரில், ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு வீசியதன் நினைவாக மதிற்சுவரில் பதித்திருக்கும் கல்லையும் காட்டுவேன். படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அதற்கு அவ்வளவு நேரம் போதும்.

முத்துசாமி ஐயரின் பளிங்குச் சிலை முன்னால் அப்படி நகர விடமாட்டேன். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, சிறுவயதில் மாதம் 1 ரூபாய் சம்பளத்துக்குக் கிராமக் கணக்குவேலை பார்த்தவர், இந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். 1893இல் சில மாதங்கள் தலைமை நீதிபதிப் பொறுப்பையும் வகித்தார். வேற்றவர் எழுப்பிய மன்றத்துக்குள் நம்மவர் ஒருவர் நீதிபதி இருக்கைக்கு வந்த வழி இது. மாணவர்கள், முக்கியமாக முதல் தலைமுறையாகச் சட்டம் படிப்பவர்கள், இங்கேதான் அதிக நேரம் நிற்கிறார்கள். நிற்கட்டும் என்று நானும் காத்திருப்பேன்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. முப்பது, நாற்பது ஆண்டுகள் இந்தப் படிகளில் ஏறி இறங்கிய மூத்த குமாஸ்தாக்கள் இந்தச் சுற்றுகளை வழிநடத்த வேண்டும். எந்தப் படிக்கட்டு எங்கே போய் முடியும், கட்சிக்காரர்கள் எங்கே வழி தவறுவார்கள், தீர்ப்பு நாளன்று அவர்கள் எந்தத் தூணோரம் நிற்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒருவரிடம் பேசிவருகிறேன். கூட்டத்துக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லை என்று முதலில் தயங்கினார். பிறகு, அடுத்த சுற்றில் கோர்ட் ஹால்களை மட்டும் தாம் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.