ஆர்.ஏ.சி. மாதிரிதான் பெரியப்பா

அந்த வார்த்தை எப்படி என் வாயில் வந்தது என்று இன்னும் தெரியவில்லை. "ஆர்.ஏ.சி. மாதிரிதான் பெரியப்பா. போய் நின்னா ஏத்தி விட்டுடுவாங்க." காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை, போன வருஷம் மே மாதம், காலை நேரம். அவர் நிப்பட்டை ஒடித்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். "அப்ப சரி" என்றார்.

அவருக்கு ஆர்.ஏ.சி. என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். படுக்க இடம் இல்லாவிட்டாலும் ஓர சீட்டில் பாதி நமக்கு உண்டு, வண்டியில் ஏறிவிடலாம். (கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் கிடையாது. ஜோலார்பேட்டைக்கோ தர்மபுரிக்கோ போய்த்தான் ஏற வேண்டும். ஆனாலும் எங்கள் ஊரில் ரயில் பாஷை எல்லோருக்கும் அத்துப்படி.) விமான நிறுவனத்தில் வேலை செய்கிற எங்களுக்கு, வேண்டியவர்களை ஏற்றிவிடக் கொடுக்கும் கெஸ்ட் பாஸ் அப்படிப்பட்டது இல்லை. அது வெயிட்டிங் லிஸ்ட், அதிலும் வால். டியூட்டிக்காகப் போகிற ஊழியர் முதலில். அப்புறம் விடுப்பில் போகிறவர்கள், அவரவர் வேலையில் சேர்ந்த தேதிப்படி. அப்புறம் அவர்கள் குடும்பம், ஓய்வு பெற்றவர்கள். எல்லோரும் ஏறி, கவுன்ட்டரை மூடி, காசு கொடுத்தவர்களில் வராமல் போனவர் எத்தனை பேர் என்று பார்த்தபிறகு சீட்டு மிஞ்சினால் கெஸ்ட்.

இதை அப்படியே சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் அவர் வேண்டாம் என்றிருப்பார். நான் எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன்.

அவர் சொந்தப் பெரியப்பா இல்லை, பக்கத்துத் தோப்புக்காரர். என் ஏவியேஷன் டிப்ளமோ படிப்புக்கு பேங்க் லோன் வாங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். சொந்தத்தில் இரண்டு பேரைக் கேட்டோம், இரண்டு பேருக்கும் அந்த வாரம் பார்த்து வெளியூர் வேலை வந்துவிட்டது. இவர் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார், நாலாவது ஷரத்தில் விரலை வைத்து "இதுக்கு என்னாங்க அர்த்தம்?" என்று மேனேஜரைக் கேட்டார், பதில் திருப்தியானபிறகுதான் பேனாவைத் திறந்தார். இந்தக் காட்சியை ஒரு காரணத்துக்காகச் சொல்லி வைக்கிறேன்.

டெல்லியில் இருக்கும் அவர் மகளுக்கு ஒன்பதாம் மாதம் போய்க் கூட்டி வருவதாகப் பேச்சு. குழந்தை ஐந்து வாரம் முந்திப் பிறந்துவிட்டது. பெரியம்மாவும் அவரும் உடனே போக வேண்டும். மே மாதம், பள்ளி விடுமுறை, டிக்கெட் விலையைக் கேட்டு அவரே திகைத்துப் போனார். அப்போதுதான் அம்மா "நம்ம புள்ளகிட்ட பாஸ் இருக்குதே" என்றாள்.

எங்கள் நிறுவனத்தில் முன்பு வருஷத்துக்குப் பன்னிரண்டு கெஸ்ட் பாஸ் கொடுத்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கு ஒன்று. வேறு ஊர் கிளையில் யாரோ வாட்ஸ்அப் குரூப் வைத்து பாஸை விற்று மாட்டிக்கொண்டபிறகு ஆறாகக் குறைத்தார்கள். தீபாவளி, பொங்கல், டிசம்பர் கடைசி இரண்டு வாரம் தடை. விருந்தினரிடம் வரியும் கட்டணமும் தவிர ஒரு பைசா வாங்கக்கூடாது. விருந்தினர் என்ன செய்தாலும் பொறுப்பு ஊழியருக்கு. சுற்றறிக்கை வந்த அன்று கேன்டீனில் எல்லோரும் அந்த முகம் தெரியாத ஆளைத் திட்டினோம். நானும்தான். கொஞ்சம் அதிகமாகவே.

குறைத்தது நியாயமா என்று கேட்டால், அன்றைக்கு நியாயமாகத்தான் பட்டது. கதவை மூடியபிறகு காலியாகப் போகிற சீட்டுக்கு விலை கிடையாது, அதை ஊழியருக்குக் கொடுப்பதில் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்பார்கள். ஐ.டி.90 என்று பழைய ஆட்கள் சொல்கிற 90 சதவீதத் தள்ளுபடி அந்தக் கணக்கில் வந்ததுதான். ஆனால் விமானங்கள் இப்போது நிரம்பித்தான் போகின்றன. ஒரு கெஸ்ட் ஏறினால் கீழே நிற்பது இன்னொரு ஊழியருடைய கெஸ்ட். எண்ணிக்கை வைக்காமல் எப்படி? அதே நேரம், ஊரில் என்னைப் பார்க்கிறவர்களுக்கு ஆறு என்பது ஒரு எண்ணே இல்லை. ஓசூரில் விமான நிலையம் வரப்போகிறது என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்த நாளிலிருந்து "அங்க வந்துட்டா நம்ம எல்லாருக்கும் பாஸ்தானே?" என்று கேட்காத ஆள் இல்லை. பெங்களூரு நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொன்று வருவது சுலபமில்லை, ஒப்பந்தம் அப்படி என்று சொன்னால், பாஸ் தராமல் இருக்கக் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

ஆறில் நான்கை அவர்களுக்குப் போட்டேன். இரண்டு பேர், போக வர. தலா 850 ரூபாய், 3,400 ரூபாய் என் கார்டில் கட்டினேன். லோடு, அதாவது விமானம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தேன். புதன்கிழமை காலை விமானத்தில் பதினோரு சீட்டு காலி. லிஸ்ட்டில் இவர்களுக்கு முன்னால் ஆறு பேர். போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். இதை நான் நிறைய பேரிடம் நிறைய முறை சொல்லியிருக்கிறேன். பதினோரு சீட்டு இருந்தது.

செவ்வாய் இரவு டெல்லியில் புழுதிப் புயல். கடைசி விமானம் ரத்து. அதில் போக வேண்டியவர்களை எல்லாம் புதன்கிழமை விமானங்களில் ஏற்றினார்கள்.

விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி பெங்களூரு விமான நிலையத்துக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் வந்திருந்தார்கள், வாடகைக் காரில். பெரியம்மா பட்டுப்புடவை. ஒழுங்காக உடுத்திக்கொண்டு வர வேண்டும், அதுவும் விதி என்று நான்தான் சொல்லியிருந்தேன். வைக்கோல் போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டியில் பன்னிரண்டு கிலோ செந்தூரா மாம்பழம். காலை விமானம் போனது. பதினொன்றரை மணி விமானம் போனது. நான் வருகைப் பகுதியில் டியூட்டி. என் விருந்தினர் இருக்கிற கவுன்ட்டர் பக்கம் நான் போய் உட்காரக்கூடாது, அதுவும் விதிதான். இரண்டு மணிக்கு ஓடிப்போய் இரண்டு டீ வாங்கிக் கொடுத்தேன். டீ விலையைப் பலகையில் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியின் மூலையில் சாறு கசிந்து அட்டை கறுத்திருந்தது. பெரியம்மா அதன்மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார்.

மாலை விமானமும் மூடியபோது கவுன்ட்டரில் இருந்தது சேர்ந்து நான்கு மாதம் ஆன பெண். நல்ல பெண், தமிழ் தெரிந்தவள். "ஸ்டாஃப் கெஸ்ட்டுங்க, ஃப்ரீ டிக்கெட் மாதிரி, சீட்டு இருந்தாத்தான்" என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் ஃப்ரீ என்ற சொல் அவரைச் சுட்டுவிட்டது. "ஏம்மா, நாங்க ஓசியில வரல. அவங்க அம்மா கையில அஞ்சாயிரம் குடுத்துட்டுத்தான் வந்திருக்கோம்."

அவள் அதைக் குறித்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் சொன்னாள். நான் அவள் இடத்தில் இருந்தாலும் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த ஐயாயிரம் உண்மை. வெற்றிலைத் தட்டில் வைத்து அம்மாவிடம் கொடுத்திருந்தார். எங்கள் பக்கம் ஒருவர் வீட்டிலிருந்து பாத்திரம் வந்தால்கூட வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமில்லை, நாலு தக்காளியாவது போட்டுத்தான் கொடுப்போம். அம்மாவுக்கு அது தப்பாகவே படவில்லை. எனக்கு போன் பண்ணிச் சொன்னாள். நான் அப்போது ஷிஃப்ட் பஸ்ஸில். "சரி, வெச்சுக்கோ, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

ஆக, எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அறைக்குள் கூப்பிட்டார்கள். மேனேஜர் கன்னடக்காரர், கத்தாத மனிதர். "பணம் வாங்கினீங்களா?" என்றார். இல்லை சார் என்றேன். "வீட்டில் யாராவது?" "எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்." இந்த 'எனக்குத் தெரிஞ்சு' என்பதை நான் யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் அது யோசித்துச் சொன்னதைவிடக் கச்சிதமாக வந்து விழுந்தது. அவர் பெரியப்பாவின் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

எடுத்ததும் பின்னணியில் மாங்காய் கொட்டுகிற சத்தம். கூழ் கம்பெனிக்குப் போகும் பெங்களூராவாக இருக்கும், கிரேட்டில் விழும்போது கல்லு மாதிரி சத்தம் வரும். மேனேஜர் கன்னடத்தில் விவரம் சொல்லிக் கேட்டார். பெரியப்பா ஒரு காலத்தில் பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்கு வருஷக்கணக்காக லோடு அடித்தவர், வியாபாரக் கன்னடம் நன்றாக வரும். கொஞ்ச நேரம் பதில் இல்லை. மாங்காய் சத்தம் மட்டும். அப்புறம் சொன்னார்: "இல்ல சார். ஏனூ கொட்டில்ல. கோபதல்லி சுள்ளு ஹேளிதே."

எதுவும் கொடுக்கவில்லை, கோபத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று.

அறையில் நான் இருப்பது அவருக்குத் தெரியாது. அல்லது தெரியுமோ? முந்தின நாள் இரவு அம்மா அவர் வீட்டுக்குப் போய் ஏதாவது சொன்னாளா என்று இதுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். போகவில்லை என்றால் அவர் அந்த ஐந்தாறு விநாடியில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, எழுபது வயதில், முன்பின் தெரியாத ஒருவரிடம் தன்னைப் பொய்யன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். போனாள் என்றால் நாங்கள் அவரைச் சொல்ல வைத்திருக்கிறோம். எது எனக்கு லேசு என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறேன், இரண்டும் கனமாகத்தான் இருக்கிறது.

விளக்கக் கடிதம் கேட்டார்கள். விருந்தினர் வயதானவர், விதிமுறைகளைப் புரிந்துகொள்ள இயலாதவர் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். நாலாவது ஷரத்துக்கு அர்த்தம் கேட்டவரைப் பற்றி. பாஸ் சலுகை ஒரு வருஷம் நிறுத்தம். வேலை போகவில்லை. தோழி ஒருத்தி "தப்பிச்சே" என்றாள், உண்மையில் தப்பித்தேன்தான்.

என் பக்கமும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 3,400 நான் கட்டியது. கட்டிய தொகையை விருந்தினரிடம் வாங்கிக்கொள்ளலாம், விதியில் இடமுண்டு. மீதி 1,600 தான் தப்பு. 1,600 ரூபாய்க்கு ஒரு வேலையையும், அந்த வேலையை நம்பி ஓடிக்கொண்டிருந்த கடன் தவணையையும் இழக்க முடியுமா? தவணை நின்றால் பேங்க் முதலில் போவது ஜாமீன் போட்டவரிடம்தானே? அவரைக் காப்பாற்றத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றுகூட ஒரு ராத்திரி எனக்கு நானே வாதாடி ஜெயித்தேன். ஒரு வாரத்தில் பயன்படுத்தாத பாஸ் பணம் 3,400 என் கார்டுக்குத் திரும்பி வந்தது. அந்த மெசேஜைப் பார்த்ததும் கணக்கு முழுசாக உடைந்துபோனது. இப்போது மொத்தமும் அவர் பணம்.

அம்மா ஐயாயிரத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவர் வாங்கவில்லை. "குடுக்காத பணத்த எப்படிம்மா திருப்பி வாங்கறது?" என்று சிரித்தாராம். சிரித்தாராமா, சிரிக்காமல் சொன்னாரா என்று அம்மாவை இரண்டு முறை கேட்டேன். ஒரு முறை சிரித்தார் என்றாள், ஒரு முறை ஞாபகமில்லை என்றாள்.

அந்தப் புதன்கிழமை ராத்திரியே இருவரும் பஸ் பிடித்து ஊர் திரும்பியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து மருமகன் முழு விலைக்கு டிக்கெட் போட்டு அழைத்துக்கொண்டார். தொட்டில் போடுவதற்குப் போய்ச் சேர முடியவில்லை. பாதிக்குமேல் கனிந்துவிட்ட செந்தூராவை வழியனுப்ப வந்த காரின் டிரைவருக்கும் எங்கள் வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். அம்மா எனக்காக நான்கு எடுத்து வைத்திருந்தாள்.

நான் இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். அங்கே கெஸ்ட் பாஸே கிடையாது. இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு நிம்மதி வருகிறது, அந்த நிம்மதியும் எனக்குப் பிடிக்கவில்லை.

போன மாதம் அந்தப் பேத்திக்குக் காதுகுத்து, ஊரிலேயே. நான் போனேன். "வா கண்ணு, சாப்ட்டியா" என்றார். வேறு எதுவும் இல்லை. பந்தி முடிந்து மொய் எழுதுகிற மேஜைக்குப் போய் 5,001 ரூபாய் வைத்தேன். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்பா பெயரைக் கேட்டு நோட்டில் எழுதினார். ஒரு வழியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று வீட்டுக்கு வரும்வரை இருந்தது. அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, மொய்யா வெச்சா அவரு திருப்பிச் செய்யணும்ல? தையில தம்பி கல்யாணம். அஞ்சாயிரத்துக்கு மேல எங்க போவாரு அவரு? மாங்கா இந்த வருஷம் விலை போகலன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். பத்திரிகை அடித்து வந்துவிட்டது. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, இரண்டாவது அவர் வீட்டுக்கு என்று அம்மா எடுத்து வைத்திருக்கிறாள்.