நாலாவது அடி

செப்டம்பர் 3
எங்கள் டிரம்மர் அண்ணனின் இடது கைக் கட்டைப் பிரிக்க இன்னும் மூன்று வாரம். நிகழ்ச்சிக்குப் பதினொரு நாள்.

செப்டம்பர் 4
ரிகர்சலுக்கு அண்ணன் வந்தார். டிரம்ஸ் பக்கம் போகவே இல்லை. சுவரோரம் உட்கார்ந்து வலது காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். டப்பென்று ஒலிக்கும் ஸ்னேர் டிரம் மேல் அவர் மடித்துப் போட்ட நீலத் துண்டு அப்படியே கிடக்கிறது. குச்சி பட்டுப் பட்டு நடுவில் நூல் பிரிந்து வட்டமாக வெளுத்திருக்கிறது. யாருக்கும் அதை எடுக்க மனசு வரவில்லை.

செப்டம்பர் 5
பன்னிரண்டு கம்பி கிடாரில் ஜி சுரத்து ஜோடியின் சின்னக் கம்பி அறுந்தது. போன வாரமும் அதேதான். இருப்பதிலேயே மெல்லிசு, இருப்பதிலேயே உச்சம். அது இல்லாவிட்டால் அந்த மினுமினுப்பும் இல்லை.

செப்டம்பர் 7
புதுப் பையன் வாசித்துப் பார்த்தான். வந்ததும் துண்டை எடுத்துக் கீழே போட்டான். பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரே அறுபதுகளின் கடைசியில் டிரம்ஸ் மேல் துணி போட்டு வாசித்திருக்கிறார், ஓசை இழுபடாமல் டப்பென்று நிற்கும், குரலுக்கு இடம் கிடைக்கும் என்றேன். கேட்டுக்கொண்டான். திரும்பப் போடவில்லை. நல்ல கைதான், தாளம் பிசகவே இல்லை. ஆனால் இடைவெளி கிடைத்த இடமெல்லாம் உருட்டி நிரப்பிவிட்டான். "உள்ளூர் மேடைதானே, யார் கவனிக்கப் போறாங்க" என்றாள் கீபோர்டில் இருந்தபடி பாடுகிறவள். கோபத்தில் வெளியே போய் நின்றேன். ஒவ்வொரு தடவையும் வருகிற அதே முகங்கள்தான் அன்றைக்கும் வரும். அவர்கள் கவனிப்பார்கள்.

செப்டம்பர் 8
தூக்கம் இல்லை.

செப்டம்பர் 9
ராத்திரி ரெண்டு மணி. 1963இல் டிரம்மர் ஹால் பிளேன், லாஸ் ஏஞ்சல்ஸ் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் 'பி மை பேபி' பாட்டுக்கு வாசித்த அந்தத் தாளம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. தும்… தும்-தும்… டப். நாலு எண்ணிக்கைச் சுற்றில் வழக்கமாக ஸ்னேர் இரண்டிலும் நாலிலும் விழும். அவர் இரண்டை விட்டுவிட்டார். காது அங்கே காத்திருந்து ஏமாந்து, நாலில் போய் விழுகிறது. இத்தனை வருஷமாக நாங்கள் துரத்துவது அந்த ஒரு அடியைத்தான்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே உறைக்கிறது. சுற்றுக்கு ஒரே ஒரு ஸ்னேர் அடி. பாஸ் டிரம்முக்குக் கால் போதும். ஸ்னேருக்கு ஒரு கை போதும். அண்ணனுக்கு வலது கை நன்றாகத்தானே இருக்கிறது! மிச்சத்தைக் கையில் பிடித்து ஆட்டும் டாம்பரினும் மரக்காஸும் பார்த்துக்கொள்ளும். எப்போது விடியும்?

செப்டம்பர் 10
போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "வேகப் பாட்டு ரெண்டையும் தூக்கிடு. மத்ததைப் பாக்கலாம்டா."

செப்டம்பர் 11
மறுபடியும் ஜி கம்பி. இழுப்புக் குறையட்டும் என்று எல்லாக் கம்பியையும் அரை சுரம் இறக்கிவிட்டேன். அவள் குரலுக்கும் அது சுகம்தான்.

செப்டம்பர் 12
பையனிடம் நானே பேசினேன். டாம்பரின் வாசிக்கச் சொன்னால் கோபித்துக்கொள்வான் என்று பயந்தேன். "எங்க நிக்கணும்ணா?" என்று மட்டும் கேட்டான்.

செப்டம்பர் 13
அண்ணன் இடது கையை மடியில் கிடத்திக்கொண்டு வாசித்தார். மூன்றாவது பாட்டில் பழக்கத்தில் அந்தக் கை தானாக எழுந்தது. முகம் சுருங்கியது. நிறுத்தவில்லை. நாலில் டப் அப்படியே விழுந்தது. பையன் அவர் காலையே பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் தலை தூக்கி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 14
சாயங்காலம் அஞ்சரை. சவுண்ட் செக்குக்குக் கூப்பிடுகிறார்கள். கம்பி தாங்குகிறது. துண்டைக் காணோம். பையன் தேடிக்கொண்டு ரிகர்சல் அறைக்கு ஓடியிருக்கிறான்.