டேங்கர் லாரியில் எழுதியிருந்த சொல்

சென்ற வாரம் நெடுஞ்சாலையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் டேங்கர் லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்புறத்தில் சிவப்பு எழுத்தில் இருந்த 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்ற எச்சரிக்கையை எழுத்துக் கூட்டிப் படித்த என் மகள், "அப்பா, இது தீப்பிடிக்காத லாரியா?" என்று கேட்டாள். 'கரெக்ட்' என்பதன் எதிர்ச்சொல் 'இன்கரெக்ட்' என்று மனப்பாடம் செய்திருந்த பிள்ளை வேறெப்படிக் கேட்பாள்?

லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'இன்' என்னும் முன்னொட்டு உண்மையில் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று 'இல்லை' என மறுப்பது; மற்றொன்று 'உள்ளே' என்று பொருள்படுவது. 'இன்ஃபிளேம்' என்ற வினையில் இருப்பது இரண்டாவதே. அதன் பொருள் தீமூட்டுதல். இந்தக் குழப்பம் உயிரையே பறித்துவிடக்கூடும் என்பதால்தான், 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் முன்னொட்டை நீக்கி 'ஃபிளேமபிள்' என்றே எழுதுமாறு வலியுறுத்தியது.

மறுக்கும் 'இன்' அடுத்து வரும் ஒலிக்கு ஏற்பத் திரிவதும் உண்டு. 'பாசிபிள்' 'இம்பாசிபிள்' ஆகிறது. 'லீகல்' 'இல்லீகல்' ஆகிறது. 'ரெகுலர்' 'இர்ரெகுலர்' ஆகிறது. இவற்றைத் தனித்தனி முன்னொட்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஏனெனில் 'மரம்' என்பதோடு 'கள்' சேரும்போது 'மரங்கள்' ஆவதை அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு, இது புணர்ச்சிதான் என்று ஒரு வரியில் சொன்னாலே விளங்கிவிடும்.

தமிழ் இயல்பாகப் பின்னொட்டுகளால் இயங்கும் மொழி என்றாலும், 'அநீதி' போன்ற வடசொற்கள் வழியே மறுப்பு முன்னொட்டு நமக்கும் பழக்கமானதே. அந்த 'அ', உயிரெழுத்துக்கு முன் 'அந்' ஆகிவிடும். 'ஆதி' 'அநாதி' ஆவது அப்படித்தான். கிரேக்கத்திலும் இதே வழக்கம் இருக்கிறது. மருத்துவர் சொல்லும் 'அனீமியா' என்ற சொல், இரத்தம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லோடு 'அன்' சேர்ந்து பிறந்தது. வடமொழியின் 'அ', கிரேக்கத்தின் 'அன்', லத்தீனின் மறுக்கும் 'இன்', 'அன்ஹேப்பி'யில் வரும் ஆங்கிலத்தின் 'அன்' ஆகிய நான்கும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டே வந்தவள், 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பில்லாததா என்று அடுத்ததாகக் கேட்டாள். அங்கே வருவது மறுக்கும் 'இன்' தான். ஆனால் மறுக்கப்படுவது மதிப்பு அன்று, விலை கணிக்க முடியும் என்பதே என்றேன். சற்று யோசித்துவிட்டு, "விலைமதிப்பற்றது என்று நாம் சொல்கிறோமே, அதுபோலவா?" என்றாள்.