ராயக்கோட்டை மலை, எண்ணெய் வண்ணத்தில்

மே 10

முதல் பஸ் பிடித்து கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டைக்கு வந்தாயிற்று. கோட்டை மலைக்குக் கிழக்கே, மாந்தோப்பு ஓரமாக ஒரு மேட்டில் ஸ்டாண்டை நிறுத்தினேன். இங்கிருந்து பார்த்தால் காலை வெயில் பாறை முகத்தில் நேராக விழும்.

நம் ஊர்ப் பாறையைச் சாம்பல் நிறம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். சூரியன் எழுந்த கையோடு பார்த்தால் அது இளஞ்சிவப்பு. ஏழரை மணிக்கு வெண்ணெய் மஞ்சள். ஒன்பதைத் தாண்டினால் வெளுத்துப்போய் வானத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வரைந்து பயனில்லை. மழைநீர் காலங்காலமாக வழிந்த தடங்கள் மட்டும் எந்நேரமும் கறுத்தே தெரியும். அதிலும் உற்றுப் பார்த்தால் நீலம் ஓடுகிறது, ஓரத்தில் பழுப்பு கசிகிறது.

அதனால் பெட்டியில் கருப்பு டியூபே வைப்பதில்லை. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் சேர்ந்தால் போதும், ஏறக்குறைய கருப்பு வரை போகலாம். நீலத்தைக் கூட்டினால் நிழல் பக்கம், சியன்னாவைக் கூட்டினால் வெயில் பக்கம். கொஞ்சம் வெள்ளை சேர்த்தால் மலையின் பாதி கையில் வந்துவிடும்.

மே 12

இந்த மலையை எனக்கு முன்னால் வரைந்தவர்களைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792ல் இந்தப் பக்கம் வந்தார்கள். திப்புவோடு நடந்த போர் அந்த வருஷம்தான் ஓய்ந்து, பாரமகால் என்று அழைக்கப்பட்ட நம் பகுதி கம்பெனி கைக்குப் போயிருந்தது. வழிநெடுக மலைக்கோட்டைகளாகப் பார்த்து வரைந்துகொண்டே போனார்கள். அவர்கள் லண்டனில் அச்சிட்ட படங்களில் ராயக்கோட்டையும் உண்டு.

அவர்களுக்கு டியூப் கிடையாது. தகர டியூபில் வண்ணம் அடைக்கும் முறைக்கு ஜான் ராண்ட் காப்புரிமை வாங்கியது 1841ல். அதற்கு முன்னால் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித்தான் வைத்திருந்தார்கள். வெளியிடத்தில் பென்சிலும் நீர்வண்ணமும் கொண்டு குறிப்பெடுத்துவிட்டு, பெரிய படத்தை ஊருக்குப் போய் முடிப்பதுதான் அன்றைய வழக்கம். நேரே மலை எதிரில் நின்று எண்ணெய் வண்ணத்தைத் துணியில் வைக்கிற சுகம் நம் காலத்துக்குக் கிடைத்தது. அதை விட்டுவிட்டு போட்டோவைப் பார்த்து வீட்டுக்குள் வரைய எனக்கு மனசு வருவதில்லை.

மே 19

தோப்புக் காவலுக்கு இருக்கும் பெரியவர் இன்று வெகுநேரம் பின்னால் நின்று பார்த்தார்.

“மாமரத்துக்கு ஏன் சாமி இம்புட்டு கருப்பா பூசறீங்க? பச்சை இல்லையா உங்ககிட்ட?”

“நீங்களே பாருங்கய்யா, அடிமரத்துப் பக்கம் எப்படி இருக்குதுன்னு.”

கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். “ஆமா, உள்ளார இருட்டாத்தான் இருக்குது. ஆனா மேல பூசணும்ல, அங்க வெயில் பட்டு வெள்ளையா மின்னுதே.”

அவர் சொன்னது அப்படியே சரி. முற்றின மாவிலை வெயிலில் பச்சையைக் காட்டாது, வானத்தைத்தான் காட்டும். நீலம் கலந்த வெள்ளையைத் தட்டைத் தூரிகையால் ஒற்றி எடுத்தேன், மரம் எழுந்து நின்றது. கடைசியில் பெங்களூரா காய் இரண்டை என் பையில் போட்டுவிட்டுப் போனார்.

மே 26

நேற்று ராத்திரி நல்ல கோடை மழை. காலையில் பாதையோர வரப்பு முழுக்கச் சிவந்து கிடந்தது. வெகுநாளாக மனதில் இருந்ததை இன்று தொடங்கினேன்: இந்த மண்ணிலேயே வண்ணம் எடுப்பது.

டியூபில் வரும் மஞ்சள் ஓக்கரும் சியன்னாவும் அடிப்படையில் மண்தான். இரும்புத் துரு ஏறிய களிமண். நம் செம்மண்ணுக்கும் நிறம் கொடுப்பது அதே இரும்புதான். கோயில் சுவரில் காவி பூசியவர்களுக்கும் கோலத்துக்குச் செம்மண் இட்டவர்களுக்கும் இது தெரிந்த சங்கதி.

இரண்டு படி மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்தேன். கலக்கிவிட்டு ஒரு நிமிஷம் விட்டால் மணல் அடியில் போய்விடும். மேலே மிதக்கும் கலங்கலை மட்டும் வேறு வாளிக்கு ஊற்ற வேண்டும். அதையே திரும்பவும் செய்தேன். ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தால் காலையில் தெளிந்த தண்ணீருக்கு அடியில் மெழுகு போல வண்டல் நிற்கும். விரலில் தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது.

மே 28

வண்டல் தாம்பாளத்தில் காய்ந்து வெடித்தது. இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்தேன். கிணறு தூர்வாரிய இடத்தில் எடுத்த மஞ்சள் மண்ணும் தயார். அதில் பாதியை, அம்மா ஒதுக்கிப்போட்ட தோசைக்கல்லில் வறுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்தில் தொடங்கி மஞ்சள் மங்கி, செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டே வந்தது. மண்ணுக்குள் இருக்கும் நீர்ச்சத்து சூட்டில் பிரிந்து, மஞ்சள் இரும்பு சிவப்பு இரும்பாகிவிடுகிறது. பர்ன்ட் சியன்னாவில் ‘பர்ன்ட்’ வந்ததும் இப்படித்தான்.

கண்ணாடிப் பலகையில் பொடியைக் குவித்து, நடுவில் குழி செய்து, எண்ணெய் விட்டுக் குழவியால் அரைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தவர், “நல்லெண்ணெய் ஊத்தினா ஆகாதாடா? வீட்டுலயே இருக்குதே” என்றார். நல்லெண்ணெய் அரைகுறையாகத்தான் காயும், தேங்காய் எண்ணெய் காயவே காயாது. ஆளிவிதை எண்ணெய்தான் காற்றிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு தோலாக இறுகும். இது எண்ணெய் ஆவியாகிப் போகிற காய்ச்சல் இல்லை என்று அம்மாவுக்குச் சொன்னேன். “அப்ப அது விலை அதிகமா?” என்று கேட்டார். அதிகம்தான்.

பாறைப் பொடியையும் அரைத்துப் பார்த்தேன். உலர்ந்திருக்கும்போது அழகான வெளிர் சாம்பல். எண்ணெய் பட்டதும் நிறம் ஓடிப்போய்க் கலங்கின கஞ்சி மாதிரி நின்றது. கல்லின் துகள் எண்ணெய்க்குள் ஏறக்குறைய ஒளி ஊடுருவுவதாகிவிடுகிறது. ஆக, மலையடிவாரத்தை அதன் மண்ணாலேயே பூசலாம், மலையை நீலமும் சியன்னாவும் கொண்டுதான் எழுப்ப வேண்டும்.

ஜூன் 9

வரப்பு, வண்டித்தடம், தோப்புக்குள் விழும் வெயில் திட்டு எல்லாவற்றையும் ஊர் மண்ணிலேயே போட்டாயிற்று. கடைச் சிவப்பை விட இது கொஞ்சம் அடங்கின சிவப்பு. பக்கத்தில் மாவிலைக் கரும்பச்சை வரும்போது இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கின்றன. ஈரப் படத்தைப் பஸ்ஸில் கொண்டுவர, இரண்டு சட்டங்களை முகம் பார்க்க வைத்து நான்கு மூலையிலும் கார்க் துண்டு செருகிக் கட்டிவிட்டேன். கண்டக்டர் தம்பி ஜன்னலோரம் இடம் ஒதுக்கித் தந்தார்.

ஜூன் 22

பர்கூர்ப் பக்கம் ஒரு உறவுக்காரர் வீட்டு விசேஷம். வழியில் ஒரு குன்று பாதியாக அறுபட்டு நிற்கிறது. கிரானைட் எடுத்த இடம். அறுத்த முகம் வெள்ளைவெளேரென்று, வெட்டின தேங்காய்ப் பத்தையாகத் தெரிந்தது. வயிறு கலங்கிவிட்டது. அந்தக் கல்லை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கின்றன, வேலையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கோடி கோடி வருஷம் நின்ற உருவம் ஒரு தலைமுறைக்குள் போவதைப் பார்க்க முடியவில்லை. இந்த மாவட்டத்தில் படம் வரைகிறவர்கள் அருவிக்கும் பூவுக்கும் போகும் முன்னால் மொட்டைக் குன்றுகளிடம் போக வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். ஒகேனக்கல் எங்கும் போகாது.

ஜூலை 6

ராயக்கோட்டைப் படத்தில் மேல் அடுக்கு முடிந்தது. அடியில் டர்பன்டைன் விட்டு மெலிதாக, மேலே போகப் போக எண்ணெய் கூட்டி. மாறிப் போனால் நாளைக்கு வண்ணம் விரிசல் விடும். மாமா புதுவீட்டுக் கூடத்துக்குக் கேட்டிருக்கிறார். மாட்டிக்கொள்ளட்டும், வார்னிஷ் மட்டும் ஆறு மாசம் கழித்து நானே வந்து பூசுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்தது பர்கூர்க் குன்று, வெட்டின முகம் உட்பட. அதற்கு மூன்றடித் துணி அடித்து ப்ரைமர் பூசி வைத்தாயிற்று. பஸ் நேரம்தான் விசாரிக்க வேண்டும்.