கடல் மேற்கே இருக்கும் ஊர்

சென்னையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றாலே காலை. மெரினாவில் சூரியன் கடலிலிருந்து எழும். மீன்கூடையோடு வரும் பெண்ணின் முகத்தில் முதல் வெளிச்சம் நேராக விழும். அதே நினைப்பில் கேமராவைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் கொழும்பின் கடலோரத் திடலான காலி முகத்திடலுக்குப் போனால், கடல் மங்கிக் கிடக்கிறது. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு அந்தப் பக்கம். ஊர் மாறிவிட்டது என்பது அங்கேதான் உறைக்கிறது. பேச்சும் தமிழ்தான், தோசையும் கிடைக்கிறது. கடல் மட்டும் திசை மாறி நிற்கிறது.

கொழும்பில் தெருப்படம் எடுக்க வரும் பெண்கள் முதலில் பழக வேண்டியது இந்தத் திசையைத்தான். தமிழர்கள் நிறைந்த வெள்ளவத்தையில், காலி வீதி என்னும் பெரிய சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் தெருக்கள் மேற்கே பார்த்தவை. ராமகிருஷ்ணா வீதியில் சாயங்காலம் நின்றால் போதும். இங்கே ஆண்டு முழுக்க சூரியன் ஏறத்தாழ 5.50க்கும் 6.30க்கும் இடையில் மறைகிறது. மறைய 40 நிமிடம் இருக்கும்போது சுமார் 10 பாகை உயரத்தில் இருக்கும், 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 9 மீட்டர் நிழல் நீளும். டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள், மரக்கறிப் பையோடு திரும்பும் அம்மாக்கள், எல்லோருக்கும் முன்னால் அவரவர் நிழல் நடந்து வரும். இதைவிட நல்ல மேடை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

கேமராவை அதன் போக்கில் விட்டால் வானத்தை அளந்து முகத்தைக் கறுப்பாக்கிவிடும். முகம் வேண்டுமானால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு, குறைத்தால் பாதி); வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். நிழலுருவம் போதுமென்றால் இரண்டு ஸ்டாப் குறையுங்கள். நிழலுருவப் படம் கெடுவது பெரும்பாலும் எக்ஸ்போஷரால் அல்ல. கால்கள் ஒட்டியிருக்கும், கை உடம்போடு சேர்ந்திருக்கும், புடவை மொத்தமும் ஒரே கட்டையாகத் தெரியும். அடியெடுத்து வைக்கும்போது, பை உடம்பை விட்டு விலகும்போது அழுத்த வேண்டும். 28 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 8, ஃபோகஸை 2.5 மீட்டரில் நிறுத்திவிட்டால் முழு ஃபிரேம் கேமராவில் ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை தெளிவாக வரும். நடப்பவர்களுக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி.

கடலையொட்டிப் போகும் மரைன் டிரைவ் சாலைப் பக்கம் போனால் உப்புக்காற்று ஃபில்டரில் படியும். எதிர்வெளிச்சத்தில் படம் முழுக்கப் பால் தெளித்ததுபோல் வெளுக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பு கண்ணாடியைக் கீறும். ஈரம் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். ஏசி அறையிலிருந்து கிளம்பும்போது கேமராவை ஜிப் பையில் மூடியே அரைமணி நேரம் வெளியே வைத்தால் லென்ஸ் வியர்க்காது.

கடைத்தெருக்கள் நிறைந்த புறக்கோட்டை வேறு உலகம். நடைபாதைக் கடைகளின் நீலத் தார்ப்பாய் முகங்களையெல்லாம் நீலமாக்கும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்தால்தான் பிறகு சரிசெய்ய முடியும். இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசல் பின்னணியில் வந்தால் அரை ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சிவப்பில் செங்கல் வரிகள் காணாமல் போகும். வண்டி இழுக்கும் நாட்டாமைகளுக்கு (இங்கே சுமைதூக்கும் தொழிலாளர்களை அப்படித்தான் சொல்வார்கள்) 1/500. அவர்கள் பாதையில் மட்டும் நிற்காதீர்கள். சுமையேறிய வண்டி நினைத்த இடத்தில் நிற்காது.

நியூயார்க் தெருக்களை எடுத்த ஹெலன் லெவிட், பக்கவாட்டில் பார்க்கும் வ்யூஃபைண்டர் பொருத்தி, எடுப்பது தெரியாமலே எடுத்தார். அவர் படங்கள் எனக்கு உயிர். ஆனாலும் அந்த உத்தி இங்கே வேண்டாம். நீண்ட போரும் சோதனைச் சாவடிகளும் பார்த்த சனம் இது; யாரென்று தெரியாதவர் தங்களைப் படமெடுத்தால் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. "ஒரு படம் எடுக்கட்டுமாக்கா?" என்று கேளுங்கள். சிங்களத்தில் "ஃபோட்டோ எகக் கன்னத?" என்றால் புரியும். கேட்டவுடன் விறைத்து நிற்பார்கள். அந்த முதல் படத்தை எடுத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். அவர்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு வருவதுதான் நீங்கள் தேடிய படம். துறைமுகம், ராணுவக் காவல் பக்கம் கேமராவை உயர்த்தவே கூடாது.

கல்கத்தாவில் பிறந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூன் 1875இல் இந்தத் தீவில் குடியேறினார். அவர் காலத்து ஈரக் கண்ணாடித் தகட்டுக்கு ஆள் நொடிக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். அப்படியும் இங்கே சாதாரண சனங்களை எடுத்தார். 1879இல் இங்கேயே இறந்தார். அக்கரையில் பிறந்து இக்கரையில் படமெடுக்கும் பெண்களுக்கு அவர் ஒரு மூத்தவர்.

கொழும்பு வெளிச்சம் பழகிவிட்டது, மேற்குக்கடல் கைவசப்பட்டுவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம், மார்கழி வரும்வரை. மயிலாப்பூர் மாடவீதியில் ஈரவாசல், பக்கவாட்டு வெயிலில் புடைத்து நிற்கும் கோலமாவு, குனிந்தபடியே "தள்ளி நில்லும்மா, மிதிச்சிடாதே" என்னும் மாமி. வெள்ளவத்தை அடுக்குமாடியில் அந்த வாசலுக்கு எங்கே போவது? கதவுக்கு வெளியே டைல்ஸும் ட்யூப் லைட்டும்தான். இந்தக் குறை எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த ஏக்கம் வரும் நாட்களில் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போங்கள். மதம் பாராமல் பெண்கள் கூடும் நாள். உள்ளே வழிபடுபவர்களை விட்டுவிடுங்கள். வெளியே மெழுகுவர்த்தியும் பூவும் விற்கும் பெண்களோடு பேசுங்கள். முதல் வாரம் எடுத்த படத்தை 4க்கு 6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு மறுவாரம் கையில் கொடுங்கள். அதன்பிறகு பக்கத்துக் கடைக்காரியே கூப்பிடுவார்.