நரம்பு டெஸ்டுக்குப் பிறகு வந்த வலி

டெஸ்ட் முடிந்து 11 நாள் ஆகிறது. இன்றைக்குத்தான் வலது கையால் விட்டு விட்டு இல்லாமல் தட்டச்சு செய்ய முடிகிறது. டெஸ்ட் அறையில் பட்ட வலியைவிட அதற்கடுத்த இரண்டு ராத்திரி பட்டதுதான் அதிகம். அப்படி வரலாம் என்று முன்னாடியே ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

எனக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகும். நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவேன். நரம்பு நசுங்குவது மணிக்கட்டிலா கழுத்திலா என்று பார்க்க நரம்பில் சிக்னல் போகும் வேகத்தை அளக்கும் என்.சி.எஸ்., தசையில் ஊசி வைத்துப் பார்க்கும் இ.எம்.ஜி. இரண்டும் எடுத்து வரச் சொன்னார் டாக்டர்.

முதல் தடவை போனது வீண். சீட்டில் ‘கை நரம்பு டெஸ்ட்’ என்று மட்டும் இருந்தது. எந்தக் கை, எதைச் சந்தேகப்படுகிறார்கள் என்று இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். அது எங்கள் வேலை இல்லை என்றார்கள். நீங்கள் போகும்போது சீட்டில் கை, காரணம் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று டாக்டர் அறையிலேயே பார்த்துவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, பேஸ்மேக்கர் இருந்தாலோ தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

இரண்டாவது தடவை டெஸ்ட் நடந்தது. முதலில் என்.சி.எஸ். மணிக்கட்டிலும் முழங்கை மடிப்பிலும் வைத்துச் சின்னச் சின்ன ஷாக் கொடுப்பார்கள். விரல்கள் தானாகத் துள்ளும். தாங்கிக்கொள்ளலாம். பாதி முடிந்த பிறகுதான் டெக்னீஷியன் என் கையைத் தொட்டுப் பார்த்து, “ரொம்பச் சில்லென்று இருக்கிறதே” என்றார். தோலின் வெப்பம் 28 டிகிரி. கை குளிர்ந்திருந்தால் நரம்பில் சிக்னல் மெதுவாகத்தான் போகும், இல்லாத கோளாறு இருப்பதுபோல் காட்டிவிடும் என்று சொல்லி, வெந்நீர்ப் பை வைத்து 32 டிகிரிக்கு மேல் வரவழைத்து, எல்லா ஷாக்கையும் மறுபடி முதலிலிருந்து கொடுத்தார். அவர் கவனித்தது நல்லதுதான். ஆனால் அதை முதலிலேயே பார்த்திருக்கலாமே? குளிரூட்டிய அறையில் ரொம்ப நேரம் காத்திருந்தீர்களானால், “கையைச் சூடாக்கிவிட்டு ஆரம்பிக்கலாமா?” என்று நீங்களே கேளுங்கள். அன்றைக்குக் கையில் கிரீம், எண்ணெய் எதுவும் தடவாமல் போவதும் முக்கியம்.

அடுத்தது ஊசி. ஊசி வழியாகவும் ஷாக் கொடுப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அப்படி இல்லை. அந்த ஊசி தசைக்குள் இருந்து அதன் மின் சலனத்தைப் பதிவு மட்டும் செய்யும். தசை தளர்ந்திருந்தால் ஸ்பீக்கரில் சத்தமே இருக்காது, லேசாக இறுக்கினால் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி கேட்கும். தோள், புஜம், முன்கை எல்லாம் பரவாயில்லை. கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்கும் தசையில் குத்தினார்களே, அதுதான் உயிர் போனது. நாலைந்து இடத்தில் ஊசியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம் என்பதே எனக்கு அப்போது தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள், நிறுத்துவார்கள்.

அன்று ராத்திரி அந்த மேடு கன்றிப்போய் விண் விண் என்று தெறித்தது. அதோடு பழைய மரப்பும் எரிச்சலும் இரண்டு மடங்காக வந்து விரல் நுனிவரை சுண்டி இழுத்தது. நரம்பிலேயே குத்திவிட்டார்களோ என்று தூக்கமே வரவில்லை. காலையில் டெஸ்ட் எடுத்த இடத்துக்குப் போன் செய்தேன். “இந்த டெஸ்டில் அப்படியெல்லாம் வலி வராதுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். வலிக்கிறவரிடம் வலிக்காது என்று சொல்வது என்ன பதில்?

அப்புறம் என் டாக்டரின் கிளினிக்குக்கே கூப்பிட்டேன். அங்கிருந்த நர்ஸ் பொறுமையாகக் கேட்டார்: குத்திய இடம் சிவந்து சூடாக இருக்கிறதா, வீக்கம் பெரிதாகிக்கொண்டே போகிறதா, காய்ச்சல் உண்டா, விரலை அசைக்க முன்பைவிடப் பலம் குறைந்திருக்கிறதா? எதுவும் இல்லை. ஊசி போன தசை ஓரிரு நாள் வலிப்பதும் கன்றுவதும் சகஜம், ஏற்கெனவே நசுங்கியிருக்கிற நரம்பு கொஞ்சம் சீண்டப்பட்டிருக்கும், முதலில் கேட்ட அந்த நாலில் ஏதாவது ஒன்று வந்தால் உடனே வாருங்கள் என்றார். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுக்கவும், ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் பட்டை போட்டுத் தூங்கவும் சொன்னார். மூன்றாம் நாள் விண் விண் நின்றது. எரிச்சல் பழைய அளவுக்கு இறங்க ஒரு வாரம் ஆனது. அந்த நர்ஸுக்கு என் நன்றி.

அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சி.கே. என்கிற தசை நொதிக்கான ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்திருந்தால், ஊசி டெஸ்டுக்கு முன்னாடியே ரத்தம் கொடுத்துவிடுங்கள். ஊசி குத்தியதாலேயே அந்த அளவு கொஞ்சம் ஏறிக் காட்டலாம்.

ரிப்போர்ட் வாங்கப் போனது மூன்றாவது நடை. அங்கேயே நின்று படித்துப் பார்த்தேன். எண்கள் எல்லாம் இருந்தன, தலைப்பில் மட்டும் ‘இடது கை’ என்று அச்சாகியிருந்தது. எந்தக் கை என்று சீட்டில் இல்லாததற்காக என்னைத் திருப்பி அனுப்பிய அதே கவுன்டர். “டாக்டர் பார்த்தால் புரிந்துகொள்வார்” என்றார்கள். நாளைக்கு ஆபரேஷன் என்று வந்தால் இந்தத் தாளைத்தானே பார்ப்பார்கள், திருத்தாமல் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். 20 நிமிடத்தில் திருத்தி, டெஸ்ட் எடுத்த டாக்டரின் கையெழுத்தோடு புதுத் தாள் கைக்கு வந்தது.

அழுத்தம் மணிக்கட்டில்தான், கழுத்தில் இல்லை, தசைக்கு இன்னும் சேதம் இல்லை என்றார் என் டாக்டர். இப்போதைக்கு ராத்திரிப் பட்டை, 6 வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றிருக்கிறார். கட்டைவிரல் மேட்டில் கன்றியது மஞ்சளாகி மங்கிக்கொண்டு வருகிறது.