கைகள் ஸ்டீயரிங்கில், கவனம் அழைப்பில்

வாகனம் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிக்கக் கூடாது என்னும் சட்டத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால், ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசலாம் என்று அதே சட்டம் இடங்கொடுக்கும்போது, அப்படிப் பேசுவது ஆபத்தற்றது என்ற தவறான நம்பிக்கையையும் சேர்த்தே விதைத்துவிடுகிறது என்பதுதான் என் கவலை.

ரெடெல்மெயர், டிப்ஷிரானி ஆகிய இருவரும் 1997-இல் வெளியிட்ட கனடா ஆய்வில், கைப்பேசியில் பேசும் நேரத்தில் விபத்து ஆபத்து சுமார் 4 மடங்காக இருந்தது. ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவி அதைக் குறைத்ததாகத் தெரியவில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் சிமுலேட்டரில் செய்த சோதனைகளோ, பேசிக்கொண்டே ஓட்டுபவர் கண்ணெதிரே இருப்பதை நேராகப் பார்த்தும் மனத்தில் பதித்துக்கொள்ளத் தவறுகிறார் என்று காட்டின. பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசுவதை இதற்கு இணையாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் தாமும் சாலையைப் பார்ப்பதால் நெருக்கடியான திருப்பத்தில் பேச்சை நிறுத்திக்கொள்வார், மறுமுனையில் இருப்பவருக்கோ அந்தத் திருப்பமே தெரியாது.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011-இல் ஹேண்ட்ஸ்ஃப்ரீ பேச்சையும் சேர்த்தே தடைசெய்யப் பரிந்துரைத்தது. காவலரின் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தடுப்பது கடினம்தான் (மறுக்கவில்லை). ஆயினும், அந்தக் கடினத்தைக் காரணம் காட்டி, ஆபத்தான ஒன்றை அனுமதிக்கப்பட்ட பழக்கமாக அறிவிப்பதை நான் ஏற்கமாட்டேன்.